வாலறுந்த சிங்கம்

எங்கள் வாப்பா கதைக்காத விஷயம் இந்த உலகத்தில் இருக்கவில்லை. மருதமுனையில் பிரதான வீதியோரமாக அவருக்கு ஒரு ஹாட்வெயார் கடை. கால் கிலோ ஆணி வாங்க வருகிறவரை அரை மணித்தியாலம் நிறுத்திவைத்து உரத்தின் விலை, நெல்லின் விலை, மந்திரிமாரின் விலை என்று எல்லாவற்றையும் விளங்கப்படுத்துவார். சிலர் ஆணியை மறந்துவிட்டே போய்விடுவார்கள். பிறகு அதை எடுக்க வந்து இன்னுமொரு அரை மணித்தியாலம் நிற்பார்கள்.

யுத்தம் முடிந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பத்து வயது. சுதந்திர தினத்துக்கு வீதியிலுள்ள கடையெல்லாம் தேசியக் கொடி ஏற்ற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். வாப்பா எதையும் சின்னதாகச் செய்கிற ஆள் இல்லை. கல்முனைக்குப் போய், இருந்ததிலேயே பெரிய கொடியை வாங்கிவந்து, கடையிலிருந்த கல்வனைஸ் குழாயில் கட்டி, கூரைக்கு மேலே நிமிர்த்திவிட்டார். கையில் வாளோடு சிங்கம் கடற்கரைப் பக்கம் பார்த்துப் படபடத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சுதந்திர தினம் முடிந்துவிட்டது. ஆனால் கொடியை இறக்க ஒருவரும் வரவில்லை. ஏற்றச் சொன்னவர்கள் எப்போது இறக்குவது என்று சொல்லவில்லை. முதலில் இறக்குகிறவன் யார் என்று பார்க்க யாரோ இருக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பார்மசிக்காரர் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா பேக்கரிக்காரரைப் பார்த்தார். பேக்கரிக்காரர் பாணைப் பார்த்தார். இப்படியே ஒரு மாதம் ஓடியது. எங்கள் கடல்காற்று சும்மா இருக்குமா? நுனியிலிருந்து நூல் நூலாகப் பிரித்து, ஒரு நாள் காலையில் சிங்கத்தின் வாலை அடியோடு கொண்டுபோய்விட்டது.

அன்று பகல் மாமா வந்தார். உம்மாவின் தம்பி. கல்முனையில் ஒரு லோயரிடம் கிளாக்கர் வேலை. லோயருக்குத் தெரியாத சட்டமும் அவருக்குத் தெரியும்.

"மச்சான், கிழிஞ்ச கொடிய பறக்கவிட்டா அவமதிப்பு" என்றார்.

"அப்ப இறக்கிருவம்."

"இறக்கிட்டு என்ன செய்யப்போறீங்க? குப்பையில போட்டா குத்தம். எரிச்சா பெரிய குத்தம். துடைக்கிற சீலைத்துணியா எடுத்தா அதவிடப் பெரிய குத்தம். உள்ளுக்குப் போட்டா எப்ப விடுவானுகள் என்டு எங்கட லோயருக்கே தெரியா."

"தோய்ச்சு வைக்கலாமா?" என்று உம்மா கேட்டார்.

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "தோய்க்கலாம். பிழியக் கூடாது."

இறக்குவதற்கு ஒரு நல்ல நேரத்தை வாப்பாதான் கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம். ஊரிலுள்ள ஆம்பிளைகள் எல்லோரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். வாப்பாவும் இருக்க வேண்டும். அவரை அன்றைக்குக் காணவில்லை என்றால் அதுவே ஒரு கதையாகிவிடும். ஆகவே தன் வாழ்நாளில் ஏணியில் கால் வைத்திராத உம்மா, ஸலவாத்துச் சொல்லிக்கொண்டு கூரையேறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கொடியை இறக்க ஐந்து நிமிஷம் ஆனது. உம்மாவை இறக்க அதைவிடக் கூட நேரம் எடுத்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்த சிங்கத்தை என்ன செய்வது? உம்மா ஒரு வழி சொன்னார். பழசாகிப் போன குர்ஆன் தாள்களை நாங்கள் குப்பையில் போடுவதில்லை. வெள்ளைத் துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் புதைப்போம். இல்லாவிட்டால் கடலில் விடுவோம். இதையும் அப்படியே செய்வோம் என்றார். வாப்பா மண்வெட்டியைக் கூட எடுத்துவிட்டார். மாமா பாய்ந்து பிடித்தார்.

"இந்தக் காலத்தில வளவுக்குள்ள கிடங்கு வெட்டுறதா? என்னத்த புதைக்கிறீங்க, ஆயுதமா என்டு கேப்பானுகள். அவனுகள் தோண்டிப் பாத்தா உள்ளுக்குக் கொடி. நல்லா இரிக்கும்!"

கடலுக்குக் கொண்டுபோவதும் சரிவரவில்லை. தோணிக்காரர் அந்தப் பொதி என்னவென்று கேட்பார். கடைசியில் உம்மா கொடியைத் தோய்த்து, பிழியாமல் காயவைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் குர்ஆனுக்குக் கீழே வைத்தார். வைத்த பிறகு அதன் பக்கம் கால் நீட்டலாமா என்றொரு சந்தேகம் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று வாப்பா கட்டிலைத் திருப்பிப் போட்டார். அதற்குப் பிறகு கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் நண்டு மாதிரி நடந்துதான் போய்ப் படுப்பார்.

"இதப் பத்தி வெளியில மூச்சு விடப்படாது மகள்" என்று என்னிடம் சொன்னார். ஊர்க் கதை முழுவதையும் கடையில் வைத்துக் கதைக்கிற மனிசன் என்னை வாயை மூடச் சொன்னது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி. தலைப்பு, 'நமது தேசியக் கொடியை மதிப்போம்'. மாமா எழுதித் தந்ததை மூன்று நாள் பாடமாக்கினேன். பிரதம அதிதி போலீஸ் இன்ஸ்பெக்டர். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் விளங்கும் என்பதால் எங்களுக்குச் சிங்களம் படிப்பிக்கிற சேர் பக்கத்தில் இருந்து காதுக்குள் மொழிபெயர்த்தார். வாப்பா முன்வரிசையில் சிரித்த முகத்தோடு இருந்தார்.

பேச்சின் முதல் பந்தி நல்லபடி போனது. இரண்டாம் பந்தி காணாமல் போய்விட்டது. எவ்வளவு தேடியும் வரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசாமல் இறங்குவது வெட்கம். ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"எங்கள் வீட்டிலும் தேசியக் கொடி இருக்கிறது. அதற்கு வால் இல்லை. ஆனாலும் நாங்கள் அதை மதிக்கிறோம். அதன் பக்கம் கால் நீட்ட மாட்டோம். அது அலுமாரியில் இருப்பதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் வாப்பா சொல்லியிருக்கிறார்."

சிங்கள சேரின் வாய் அப்படியே நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் "மொகத கிவ்வே?" என்று, என்ன சொன்னாள் என்று கேட்டார். சேர் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா நிலத்தைப் பார்த்தார். கைதட்டியது நான் மட்டுந்தான்; மற்றவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. மாமாவுக்கு உடனே மட்டக்களப்பில் ஓர் அவசர வேலை ஞாபகம் வந்தது. பின்பக்கக் குசினி வாசலால் போனார். உம்மா தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்று சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டார். படலைக்கு வெளியே ஊரே கூடிவிட்டது. இரண்டு மூன்று பேர் போனையும் உயர்த்திப் பிடித்திருந்தார்கள். வாப்பாவைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. என் வாயால்தானே எல்லாம் என்று அழத் தொடங்கினேன்.

இன்ஸ்பெக்டர் கொடியைப் பார்க்க வேண்டும் என்றார். வாப்பா தொழப் போகிறவர் மாதிரி கை கால் முகம் கழுவி வுழூச் செய்துகொண்டு வந்து அலுமாரியைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் துணியைப் பிரித்து, கொடியை விரித்து, வால் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார். உப்புத் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

"மொதலாளி, பயப்பட வேணாம். கொடி பழசு ஆனா மரியாதையா எரிக்கிறது. அது தப்பு இல்ல. எரிங்க."

வாப்பாவுக்கு உயிர் வந்தது. ஆனால் நெருப்புப்பெட்டியைக் கையில் எடுத்தவர் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பெட்டியை இரண்டு கையாலும் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"சேர், உங்கட கையாலேயே..."

இன்ஸ்பெக்டர் வாங்கினார். குலுக்கிப் பார்த்தார். அவரும் வாசல் பக்கம் பார்த்தார். உயர்ந்திருந்த போன்களைப் பார்த்தார். தன் காக்கிச் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு நெருப்புப்பெட்டியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, கொடியை அவரே மடித்து வெள்ளைத் துணியில் சுற்றி வாப்பாவிடம் கொடுத்தார்.

"இருக்கட்டும். மேலேயே வைங்க."

ஜீப் போய்விட்டது. வாப்பா என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. "நல்லாத்தான் கதைச்ச மகள்" என்று தலையைத் தடவினார். ஆனால் அன்றிலிருந்து கடையில் யாராவது மந்திரிமார் கதையை எடுத்தால், "எத்தின இஞ்சு ஆணி?" என்று கேட்கத் தொடங்கினார். ஆணி வாங்க வருகிறவர்கள் ஆணியோடு போனார்கள். வாப்பாவுக்கு என்மேல் கோபம் என்றே நான் நெடுநாள் நினைத்து வருந்தினேன்.

ஜீப் வந்துபோன அன்று பின்னேரம் எல்லோரும் மஃரிப் தொழப் போன பிறகு, அந்த நெருப்புப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். உள்ளே இருந்த குச்சிகள் நனைந்துபோயிருக்கும், அதனால்தான் இரண்டு பெரிய ஆட்களும் பற்றவைக்காமல் விட்டார்கள் என்பது என் முடிவு. ஒரு குச்சியை எடுத்து உரசினேன்.

ஒரே உரசலில் பற்றிக்கொண்டது. விரல் சுடும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.