தூணோரத்துப் பெட்டிகள்

ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு, ஆற்றைத் தாண்டிப் பாலக்கரையில் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் வேலை பார்த்தேன். ஐம்பதுகளின் கடைசியில் சேர்ந்தது; அறுபதுகள் முழுக்க அங்கேதான். படிப்பு எட்டாவது வரைக்கும். வேலைக்குப் பெயர் கிடங்கு மேற்பார்வை. காலையில் குளித்துத் திருமண் இட்டு, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுச் சைக்கிளை எடுத்தால், காவிரிப் பாலத்துக் காற்று வேட்டியைப் பிடித்து இழுக்கும். பாலம் முடியும்வரை வாய் ரங்கா ரங்கா என்று சொல்லிக்கொண்டிருக்கும். பஸ்கள் நிற்கும் சத்திரம் வந்ததும் ஹாரன் சத்தத்தில் அது உள்ளே இறங்கிக்கொள்ளும்.

மணப்பாறை, புதுக்கோட்டை, பெரம்பலூர் என்று சுற்றுவட்டாரத்துக் கடைகளுக்குப் போகும் சரக்கெல்லாம் எங்கள் கிடங்கில் வந்து இறங்கி, ஊர்வாரியாகப் பிரிந்து, மறுபடி லாரி ஏறும். முதலாளி வாசல் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். நல்ல மனுஷர். குரல் மட்டும் பெரிசு. லாரி வந்து நின்றால், "யாராவது வாங்கப்பா" என்பார். சாக்கு கிழிந்திருந்தால், "யாராவது தைச்சு வையுங்க". மழை தூறினால், "யாராவது தார்ப்பாயைப் போடுங்க". சொன்னதும் ஓடிவராத ஆள் எங்களிடம் கிடையாது. நாலு பேர் ஒரே தார்ப்பாயை இழுப்பார்கள். இன்னொரு தார்ப்பாய் மடித்தது மடித்தபடி நனையும்.

சுமை தூக்குகிறவர்களில் மூத்தவர் ஒரு பாய். ஐம்பது வயதைத் தாண்டியவர். பழைய ஊருக்குள் வீடு. என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். கண்ணாடிச் சாமான் எது வந்தாலும் அவர் அதைத் தனியாகத் தூக்கி, கிடங்கின் நடுத்தூணோரம் வைத்துவிடுவார். அதன்மேல் வேறு சரக்கு ஏறவிடமாட்டார். யாரும் அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை. உடையுமே என்று அவராகச் செய்தது. நாளாவட்டத்தில் தூணோரம் என்றால் பாய் இடம் என்று எங்கள் எல்லோர் மனசிலும் ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போவார். அதுவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்றும் போனார். அவர் போன நேரத்தில் ஆணிச் சாக்கு ஏற்றிய லாரி ஒன்று வந்தது. ஆணிச் சாக்கு பார்க்கச் சின்னது. தூக்கினால்தான் அதன் குணம் தெரியும். "யாராவது சீக்கிரம் இறக்குங்கப்பா, லாரி நிக்குது" என்று முதலாளி சத்தம் போட்டார். மணப்பாறைப் பக்கத்து இளவட்டம் ஒருவன், வேலையில் சூரன், வாயிலும் சூரன், சாக்குகளைத் தோளில் வாங்கி வந்து இடம் கண்ட இடத்தில் அடுக்கினான். தூணோரம் வைக்கோல் சுற்றிய பெட்டிகள் இருந்தன. மெத்தென்று இருக்கிறதே என்று அதன்மேலும் அடுக்கினான். அவை ஆடிமாத வியாபாரத்துக்காக மணப்பாறைக்குப் போகவேண்டிய கண்ணாடி வளையல்கள்.

பாய் திரும்பி வந்து, சாக்குகளை இறக்கிப் பெட்டியை அசைத்தபோது உள்ளே கலகலவென்று கேட்டது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வளையல் கடைக்காரர் நேரில் வந்து, இனி என் சரக்கை வேறு லாரியில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வெகுநாள் வாடிக்கை. முதலாளிக்கு முகமே கறுத்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"தன் இடத்தை விட்டுட்டு ஒரு ஆள் எப்படிங்க போகலாம்? திங்கக்கிழமையிலேருந்து வரவேண்டாம்னு பாய்கிட்டே சொல்லிடுங்க."

அந்த வயதில் சுமை தூக்க அவரை வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்?

"சொல்றேன் முதலாளி. என்ன வேலையிலே தப்புன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

"தூணோரத்தைப் பாத்துக்கிறது."

"அது அவர் வேலைன்னு நாம எப்பவாவது சொல்லியிருக்கோமா?"

"இதெல்லாம் ஒரு ஆளைக் கூப்பிட்டு வெச்சுச் சொல்லணுமாங்க?"

"கேட்டுத்தான் பாப்பமே. நீங்களும் இருங்க."

ஒவ்வொருவரையும் மேஜைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, உன் வேலை என்ன என்று கேட்டேன். புக்கிங் எழுதுகிறவர், "என்ன சாமி, புதுசா கேக்குறீங்க? எழுதுறதுதான். வந்த சரக்கைச் சரிபாக்குறது நீங்கன்னு இருந்தேன்" என்றார். நானோ அது அவர் வேலை என்று இருந்தேன். மணப்பாறைக்காரன் தலையைச் சொறிந்தான்.

"தூக்குன்னா தூக்குவேன், இறக்குன்னா இறக்குவேன். வேற என்னங்க?"

"தூணோரம் யார் பொறுப்பு?"

"பாய்தான்."

"பாய் இல்லாதப்போ?"

அவன் முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்தான். "யாராவதுங்க" என்றான். பிறகு மெல்ல, "யாராவதுன்னு ஒருத்தர் நம்ம ஆபீஸ்ல சம்பளம் வாங்குறாருங்களா சாமி? வேலை முச்சூடும் அவர் பேர்லதான் இருக்கு. ஆளை நான் பாத்ததே இல்லை."

புக்கிங்காரர் சிரிப்பை அடக்கிக் காகிதத்துக்குள் குனிந்துகொண்டார். முதலாளி சிரிக்கவில்லை.

கடைசியாகப் பாய் வந்தார். வளையல் விஷயம்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு யாரும் சொன்னதில்லைங்க சாமி. நானா வெச்சது. நான் போறப்ப தம்பிகிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், தோணலை. அவன் பிள்ளைங்களுக்காக உழைக்கிறவன். அவனை ஒண்ணும் சொல்லிடாதீங்க."

முதலாளி பாயைப் போகச் சொன்னார். "வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கலாம்" என்றார் என்னிடம். "அதுக்குள்ளே ஒரு வழி பண்ணுங்க. இன்னொரு தடவை இப்படி ஆனா என்னாலே முடியாதுங்க."

வழி என்ன என்று எனக்கும் தெரியவில்லை. வீட்டில் சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டே, "அடுப்பிலே பால் வெச்சிட்டு நான் கொல்லைப்பக்கம் போனா, உங்ககிட்டே பாத்துக்குங்கன்னு சொல்லிட்டுத்தானே போறேன்? சும்மாப் போனா நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டே பொங்கவிடுவீங்க" என்றாள். சொன்னபோதும் ஒன்றிரண்டு தடவை பொங்கவிட்டிருக்கிறேன். அதை அவள் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெருமாள் புறப்பாடு. சித்திரை வீதியில் கூட்டத்தோடு நின்று சேவித்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிறதுதான். ஆனால் அன்றைக்குக் கண் பெருமாள் திருமுகத்திலிருந்து இறங்கி, கீழே தோளுக்குப் போயிற்று. பெருமாளைச் சுமக்கிற ஸ்ரீபாதம் தாங்குகிறவர்களில் ஒருவர் தோள் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் சட்டென்று விலகவில்லை. அடுத்தவர் பக்கத்தில் வந்து, தன் தோளைத் தண்டுக்கு அடியில் கொடுத்து, பாரம் தன்மேல் இறங்கிவிட்டது என்று ஒரு சத்தம் கொடுத்தார். அதற்கப்புறம்தான் முதல் ஆள் நழுவி வெளியே வந்தார். பெருமாள் ஒரு நூல் அசையவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கேட்காமலேயே சொல்லிக் கொடுத்துவிட்டாரே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை கிடங்கு திறந்ததும் எல்லோரையும் கூட்டினேன். பாதிப்பேருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது; அதனால் வாயாலேயே சொன்னோம். வந்த சரக்கைச் சரிபார்ப்பது நான். தூணோரம் பாய். லாரி ஏற்றுவதும் கயிறு கட்டுவதும் மணப்பாறைக்காரன். தார்ப்பாய் இன்னார். ஒவ்வொருவரும் தன் வேலையை எல்லோர் காதிலும் விழும்படி ஒருதரம் சொன்னார். இடத்தை விட்டுப் போகிறவர், அடுத்தவரிடம் போய், இன்னது இருக்கிறது, உங்கள் கையில், என்று சொல்லவேண்டும். அவர் என் கையில் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் நகரவேண்டும். வீட்டுக்குப் போனாலும் சரி, டீ குடிக்கப் போனாலும் சரி. இனி யாராவது என்ற சொல் கிடங்குக்குள் வரக்கூடாது என்றும் சொன்னேன். எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கேலியாகவே போயிற்று. மணப்பாறைக்காரன் வெற்றிலையை மடித்துப் புக்கிங்காரரிடம் நீட்டி, "உங்க கையில" என்பான். அவர், "என் வாயில" என்பார். புதன்கிழமைக்குமேல் கேலி தேய்ந்து, அது பழக்கமாகிவிட்டது. முதலாளிக்குத்தான் கஷ்டம். யாரா என்று ஆரம்பித்து, நிறுத்தி, ஆளைத் தேடி, அவன் பேரைச் சொல்வார்.

வெள்ளிக்கிழமை வந்தது. தூணோரம் அரிக்கேன் விளக்குக்கான கண்ணாடிச் சிம்னிப் பெட்டிகள். பாய் கைகால் கழுவி, தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு தூணருகிலேயே நின்றார். அன்று பார்த்து வாசலில் லாரி. மணப்பாறைக்காரன் அதன்மேல் நின்று சாக்கை நகர்த்திக்கொண்டிருந்தான். மற்ற ஆட்கள் தோளில் சுமையோடு. புக்கிங்காரர் முன்னால் கூட்டம். நான் கீழே இறங்கிய சரக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் விட முடியாது. பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. பாய் என்னைப் பார்த்தார். நகரவில்லை. தொழுகை தவறினால் அவர் மனசு தாங்காது. சொல்லாமல் போனாலோ வேலை போய்விடும்.

முதலாளி மேஜையிலிருந்து எழுந்தார். மேல்துண்டை நாற்காலியில் போட்டுவிட்டுத் தூணுக்குப் போய் நின்றார்.

பாய், "முதலாளி..." என்றார்.

"சொல்லவேண்டியதைச் சொல்லுங்க பாய். நேரமாகுதில்ல?"

"தூணோரம் இருக்கிறது எல்லாம் கண்ணாடி. மேலே எதுவும் ஏறக்கூடாதுங்க. உங்க கையில."

"என் கையில. போயிட்டு வாங்க."

பாய் தொப்பியை வைத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் மணப்பாறைக்காரன் தோளில் பாரத்தோடு, குனிந்த தலையோடு, தூணை நோக்கி வந்தான்.

"இங்கே இல்லைப்பா. அந்தப் பக்கம் வை."

அவன் நிமிர்ந்து பார்த்துத் திகைத்தான். "முதலாளி, இங்கே நீங்களா நிக்கிறீங்க?"

"ஆமாம்பா. யாராவது இல்லை, நான்தான்."

பாய் திரும்பி வரும்வரை முதலாளி அங்கேயே நின்றார். டீ வந்தது, நின்றபடியே குடித்தார். பாய் வந்து, பெட்டிகளை ஒருதரம் கையால் தடவிப் பார்த்து, "என் கையில முதலாளி" என்று சொன்ன பிறகுதான் மேஜைக்குப் போனார். போகிற வழியில் என் பக்கம் திரும்பி, "அன்னைக்கு நான் சொல்லச் சொன்னதைப் பாய்கிட்டே சொல்லிடலியே?" என்றார், தாழ்ந்த குரலில்.

"இல்லைங்க."

"சொல்லவேண்டாம்."

சாயங்காலம் பாலத்தின்மேல் சைக்கிளை நிறுத்தி, கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். ஆற்றில் புதுத்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.