உயர்திரு கம்பெனியார் சமூகத்துக்கு

‘பெறுநர்’ என்று எழுதிவிட்டுத் தங்கச்சாமி பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். ராஜபாளையம் தாலுகா ஆபீஸ் வாசலில், வேப்பமர நிழலில் மேசை போட்டு மனு எழுதுகிறவர். பெறுநர் யாரென்று தெரியாமல், தலையே போனாலும் அடுத்த வரிக்குப் போகமாட்டார்.

“ஏம்மா, போன்ல ஒன் யாவாரப் பக்கத்தை முடக்குனது எந்த ஆபீசு?”

“ஆபீசெல்லாம் இல்ல அண்ணாச்சி. அமெரிக்காக் கம்பெனி” என்றாள் மாரிக்கனி.

மாரிக்கனி தளவாய்புரத்தில் நைட்டி தைத்து, போனில் நேரலை போட்டு விற்கிறவள். போட்டுக் காட்ட ஆள் கிடைக்காமல் புருஷன் முத்துப்பாண்டிக்கே மாட்டிவிட்டு, “பாத்துக்கோங்கக்கா, எம்புட்டுக் கனத்த ஒடம்புக்கும் பத்தும்” என்பாள். முறுக்கு மீசையும் பூப்போட்ட நைட்டியுமாக அவன் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆர்டர் கொட்டும். யார் கண் பட்டதோ, ‘இது ஆள்மாறாட்டம்’ என்று கம்பெனியின் இயந்திரம் பக்கத்தைப் பூட்டிவிட்டது. தீபாவளிக்குத் தைத்த நைட்டியெல்லாம் வீடு நிறைய மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. படுக்க இடமில்லாமல் முத்துப்பாண்டி மூட்டை மேலேயே தூங்குகிறானாம்.

“எங்க தெருப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் என்னைய நம்பித்தான் தைக்காக. தீபாவளி போச்சுன்னா அவிய மொகத்துல எப்படி முழிப்பேன்?” என்று மாரிக்கனி மூக்கைச் சிந்தினாள்.

முன்பெல்லாம் தங்கச்சாமியிடம் பட்டா, ரேஷன் கார்டு என்றுதான் வருவார்கள். இப்போது போனில் கணக்கு முடங்கிய கிருஷ்ணன்கோவில் காலேஜ் பையன் வருகிறான். போன் வரைபடம் தன் உரக்கடையைக் கொண்டுபோய்க் கண்மாய்க்குள் வைத்துவிட்டதென்று தேவதானத்துக்காரர் ஒருவர் வந்தார். அவருக்காகக் கலெக்டருக்கே மனுப் போட்டார் தங்கச்சாமி. “இது நம்ம கையில இல்லீங்க” என்று அங்கே வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கே உலகம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

“ராஜாங்கம் கைமாறிருச்சுப்பா. இனிமே மனு கம்பெனிக்கு, நகல்தான் கலெக்டருக்கு!”

ஆனாலும் உள்ளூர் மரியாதையில் குறை வைத்ததில்லை. தாசில்தார் ஜீப் சத்தம் கேட்டாலே போதும், மடித்துக் கட்டிய வேட்டி இறங்கும், சட்டைப் பொத்தான் ஏறும். வழியை மறிக்கும் மேசையை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு விறைப்பாக நிற்பார். ஜீப்பில் டிரைவர் மட்டும் இருந்தாலும் நிற்பார். கேட்டால், “வண்டிக்கும் பதவி உண்டுல்ல?” என்பார்.

மாரிக்கனியின் மனு இப்படி அமைந்தது: ‘உயர்திரு கம்பெனியார் சமூகத்துக்கு, கலிபோர்னியா மாவட்டம். ஐயா, மேற்படி நைட்டியில் இருப்பவர் என் சொந்தக் கணவரே என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மீசையும் அவருடையதே.’

“மீசை எதுக்கு அண்ணாச்சி?”

“போடணும். பொறவு அதுல ஒரு ஆட்சேபணை வந்துரக் கூடாது.”

மனுவில் கோர்ட்டுக் கட்டண வில்லை ஒட்டினார். தலைமையாசிரியரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கிவரச் செய்தார். பிறகு அதைப் போனில் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பிய கையோடு ‘டிங்’ என்று பதில்: ‘உங்கள் கோரிக்கை கிடைத்தது. நன்றி.’

ஆடிப்போய்விட்டார் மனிதர்! “ஆயுசு பூரா எழுதுறேன், கெடைச்சதுன்னு ஒரு பய சொன்னதில்லையே!”

“அது மெஷினு தானா அனுப்புறது அண்ணாச்சி.”

“இருக்கட்டுமே. மரியாதை தெரிஞ்ச மெஷினு.”

தீபாவளி நெருங்க நெருங்க மாரிக்கனி தினமும் வந்து மேசையோரம் உட்கார்ந்தாள். அவள் போனைத் தங்கச்சாமி மனுக்கட்டின் மேல் படுக்க வைத்து, ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டிருந்தார். அன்று முற்பகல் தாசில்தார் ஜீப் உறுமிக்கொண்டு வந்து, மேசைக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்தது. ஓரமாக இழுக்கத் தங்கச்சாமியின் கை மேசையைப் பிடித்த அதே நொடியில் போன் ‘டிங்’ என்றது.

தங்கச்சாமி மேசையை விட்டுவிட்டார். வேட்டி இறங்கியது, பொத்தான் ஏறியது. போனைப் பார்த்தபடி விறைத்து நின்றார்.

“தொறந்துட்டான் அண்ணாச்சி! பக்கம் வந்துருச்சு!” என்று மாரிக்கனி குதித்தாள்.

“சத்தம் போடாத. முழுசா வாசி.”

ஜீப் மறுபடியும் ஹாரன் அடித்தது. தங்கச்சாமி திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, செத்த நேரம் பொறுக்கும்படி ஜீப்புக்குச் சைகை காட்டினார்.