டீ கறை பட்ட நாப்பது மரம்

இதுல ஒரு சொல்லு பொய்யின்னா நாளைக்கு என் கேத்தல்ல தண்ணியே கொதிக்காம போகட்டும். நான் படிச்சது அஞ்சாம் வகுப்பு. ஆனா உக்குவளைப் பக்கம் டீச்சர்மாருக்கே பாடம் நடத்துற எடத்துல டீ ஊத்துறேன். டீ ஊத்துற பொழப்புல உள்ளவங்களுக்குத் தெரியும், கப்பு கழுவுற நேரத்துல பாதிப் பாடம் நம்ம காதுலதான் விழும்.

காட்டைக் காப்போம், அடுப்புல

வருசா வருசம் புதுசா வர்றவங்க "மரத்தைக் காப்போம்"னு பிரிஸ்டல் போட் அட்டையில படம் கீறுவாங்க. அதை வச்சுப் புள்ளைங்களுக்குப் பாடம் நடத்திக் காட்டுறதுதான் அவங்க பரீட்சை; முடிஞ்ச கையோட எங்கிட்ட வீசிருவாங்க. அந்தக் காட்டை எரிச்சுத்தான் அவங்களுக்கே பிளேன்டீ.

பல வருசத்துக்கு முந்தி நாவுலயில இருந்து பாரூக்னு ஒரு ஒல்லிப் பையன் படிக்க வந்தாரு. நாப்பது மரம், எலை எலையா, ஒரு மாசம் கீறினாரு. பரீட்சைக்கு வந்த பெரியவரு "பாடத்தைக் காணோம், காடுதான் இருக்கு"ன்னுட்டாரு. தப்பிப் பொழச்ச பாஸ். மூஞ்சி தொங்கிப்போய் வந்து சொன்னாரு: "எரிச்சிருங்கக்கா, என் கண்ணுல படக்கூடாது."

பூ வச்ச குப்பை

எனக்கு எரிக்க மனசு வரல. கப்பு அடுக்குற றாக்கையில படத்தைக் கவுத்து விரிச்சேன். வருசக்கணக்கா மேல கப்பு, கீழ காடு.

போன வருசம் இங்க படிக்க வந்த ரிஸானா மிஸ்ஸுக்குப் பரீட்சைப் பாடம். நிலைபேறான அபிவிருத்தி. நமக்கு இருக்கிறதை நாளைக்கு வர்ற புள்ளைங்களுக்கும் மிச்சம் வைக்கணுமாம், அவ்வளவுதான் விசயம். அதுக்கு மிஸ் ரெஜிபோம்ல, அந்த மக்காத வெள்ளை அட்டையில, ஊரு செஞ்சு, பொலித்தீன்ல பூ வச்சு, மினுக்கமும் தூவியிருந்தாங்க. பரீட்சகர் யாருங்கிறீங்க? நம்ம பாரூக்கு, இப்ப தொப்பையோட பாரூக் சேர். "பாடம் முடிஞ்சா இதெல்லாம் எங்க போகும்?"னு ஒரே கேள்வி. மிஸ் கண்ணு குப்பை வாளிப் பக்கம் போச்சு. பெயில். அடுத்த கெழமை இன்னொரு தடவை, அதுலயும் விட்டா ஒரு வருசம் திரும்பப் படிக்கணும். என் குசினியில வந்து குந்திக்கிட்டுச் சொன்னாங்க: "அவரு கேட்டதுல பிழையே இல்லக்கா, அதான் அழுகையா வருது."

கப்பு வச்ச எடத்துல குளம்

றாக்கையில இருந்து அந்த போட்டை உருவிக் குடுத்தேன். படத்துக்குப் பின்னால இருந்த வெள்ளைப் பக்கம் பூரா வட்ட வட்டமா டீ கறை. மிஸ் பேனையை எடுத்தாங்க. ஒவ்வொரு கறையும் ஒரு குளம் ஆச்சு, குளத்துக்கு வாய்க்கா, வாய்க்காவுக்கு வயலு. பரீட்சை அன்னைக்கு புள்ளைங்க குளத்தை எண்ணி எண்ணி, எந்தப் போகத்துக்கு எவ்வளவு தண்ணி தொறக்கணும்னு சண்டை பிடிச்சாங்க.

பாரூக் சேர் அதே கேள்வியைக் கேட்டாரு. "அக்காட றாக்கைக்கே திரும்பப் போகும் சேர்"னாங்க மிஸ். சேர் போட்டைத் திருப்பினாரு. நாப்பது மரமும் அப்படியே நிக்குது. வெரலை வச்சு ஒண்ணொண்ணா எண்ணுனாரு. பொறகு பாஸ்னு எழுதிக் கையெழுத்து வச்சுட்டு, டீத்தட்டோட வாசல்ல நின்ன என்னைப் பாத்தாரு: "சொன்ன ஒரு வேலையைக்கூட நீங்க ஒழுங்கா செய்ய மாட்டீங்களாக்கா?"

செய்யாம விட்ட வேலைக்கு இந்த நாட்டுல பேரு வாங்கினது நான் ஒருத்திதான். கதை கேட்ட கூலிக்கு ஆளுக்கொரு பிரிஸ்டல் போட் கொண்டாந்து வச்சுட்டுப் போங்க, ஒரு பக்கம் வெள்ளையா இருந்தா போதும்.