நூற்றெட்டு டிகிரிக் காய்ச்சல்

டாக்டர் எஸ்தர் பெயரைக் கேட்டாலே லிங்கராஜபுரத்துக் கொசுக்கள் குடும்பத்தோடு ஓசூருக்கு ஓடிவிடும். அவர் வீட்டுச் சமையலறையில் மட்டும் நாலைந்து கொசுக்கள் வழி தெரியாமல் தங்கிவிட்டன.

பதினோரு வருஷமாக டெங்குவுக்குத் தடுப்பூசி தேடியவர் எஸ்தர். சர்ச்சில் பாதிப்பேர் அவரை நர்ஸ் என்றே நினைத்தார்கள், அவரும் திருத்தியதில்லை. திங்கட்கிழமை சோதனை முடிவு வந்தது. நிஜ ஊசி போட்டவர்களுக்கும் வெறும் உப்புநீர் போட்டவர்களுக்கும் ஒரே அளவில் டெங்கு வந்திருந்தது. அன்றிலிருந்து எஸ்தர் சரியாகச் சாப்பிடவில்லை. வியாழன் காலை ராஜினாமாக் கடிதத்தை அடித்துவிட்டு, அனுப்புவதா வேண்டாமா என்று லேப்டாப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மகள் ஷெரின் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து தெர்மாமீட்டரை நீட்டினாள். "மம்மி, சுடுது."

நூற்றெட்டு! எஸ்தர் பதறி எழுந்து அவள் நெற்றியைத் தொட்டார். ஜில்லென்று இருந்தது. அவள் கையில் டீ டம்ளர்.

"நூத்தியெட்டுல எவளும் நடந்து வரமாட்டா. டீயில முக்குனியா?"

"நீ அந்த லெட்டரை அனுப்பக் கூடாதுன்னுதான்..."

"பொய் டேட்டா குடுக்கிறவளை நான் லேப்லயே சேக்கமாட்டேன்."

எஸ்தர் லேப்டாப்பை மூடினார். கடிதத்தை அழிக்கவில்லை.

"அந்த டீயைக் கொட்டிட்டு வேற போடு. ரெண்டு டம்ளர்."