பச்சை லைட் எரியுது, எழுத்து வரலை

எங்க வீட்டுக்காரரைப் பத்தி யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷன்"னுதான் சொல்வாங்க. சொல்ல மாட்டாங்களா பின்னே? யார் என்ன கேட்டாலும் "சரி"ன்னு தலையாட்டுற ஆளை யாருக்குத்தான் பிடிக்காது? கூட இருந்து குப்பை கொட்டுறவளுக்குத்தான் தெரியும் அந்தத் தங்கத்தோட லட்சணம். ஒரு நாள் முடி வெட்டிக்கப் போனவர் மீசையில்லாம வந்து நின்னார். என்னங்க இது கோலம்னு கேட்டா, "எடுத்துடட்டுமான்னு கேட்டாரு. எப்படி வேண்டாம்னு சொல்றது?"ன்றார். அவரோட மீசைங்க. அவர் மூஞ்சியில இருந்தது.

வேலை, வக்கீல் ஆபீஸ்ல டைப்பிஸ்ட். அதுல மட்டும் குறை சொல்ல முடியாது. வக்கீல் தொண்டையைக் கனைச்சு ஒரு வாக்கியத்தை முடிக்கிறதுக்குள்ள இவர் அடிச்சு முடிச்சுட்டு அடுத்ததுக்குக் காத்திருப்பார். வாய் செய்யாத வேலையை எல்லாம் விரல் செஞ்சுது. அந்தப் பெரிய வக்கீலுக்கு வயசாகி ஆபீஸை மூடினதும், ஐயா வீட்டுக்கு வந்துட்டார். வீட்டுல ஆம்பளை சும்மா உட்கார்ந்திருந்தா என்ன ஆகும்? டப்பாவுக்கெல்லாம் மூடி சரியா இருக்கான்னு பார்ப்பார். கதவுக்கு எண்ணெய் விடுவார். சத்தம் போடாத கதவுக்கும் சேர்த்து விடுவார்.

எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்னு பயந்து எங்கண்ணன்கிட்ட பேசினேன். அண்ணனுக்குக் குழாய், வாஷ்பேசின் விக்கிற கடை. தெருவைப் பார்த்து கடை, கடைக்குப் பின்னால எங்க வீடு, நடுவுல ஒரே ஒரு சுவர். "அதுக்கென்ன, மாப்ளே வந்து கவுன்டர்ல உட்காரட்டும். நானும் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம கிடக்கேன்"னான். அண்ணன் நல்லவன். ஆனா ஒரு விஷயம், அவன் ஜோக்கு சொல்வான். சொல்லிட்டு அவனே முதல்ல சிரிப்பான், அப்புறம் நாம சிரிக்கிறோமான்னு மூஞ்சியைப் பார்ப்பான். எங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்? "சரி மச்சான்." வேற என்ன சொல்வார்.

அப்படிச் சொன்ன மனுஷன், எனக்குத் தெரியாம இன்னொரு வேலை பார்த்திருக்கார். பேச்சைப் பதிவு பண்ணி அனுப்புவாங்களாம், வீட்டுலயே உட்கார்ந்து கேட்டு அடிச்சுக் கொடுக்கணுமாம். அந்தக் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருக்கார், அவங்களும் நாளைக்குக் காலையில டெஸ்ட்டுன்னு சொல்லிட்டாங்க. தேறிட்டா வீட்டுல வேலை. இல்லேன்னா அடுத்த வாரத்துலேருந்து அண்ணன் கடை. இதை என்கிட்ட சொன்னதே, டெஸ்ட்டு நேரத்துல மிக்ஸி போடாதேன்னு சொல்றதுக்காகத்தான். எனக்குச் சுருக்குன்னு இருந்தது. இருந்தாலும், போறார் போ, எப்படியும் கடைதானேன்னு விட்டுட்டேன்.

எங்க மககிட்ட மட்டும் முன்னாடியே சொல்லியிருக்கார், டெஸ்ட்டுக்குன்னே அவ புது லேப்டாப் வாங்கிக் கொடுத்திருந்தா. பார்க்கவே கண்ணைப் பறிக்கும். ஐயாவுக்கு அது ஆகலை. "இந்தக் கட்டையெல்லாம் அமுங்கவே மாட்டேங்குது, தரையில தட்டுற மாதிரி இருக்கு"ன்னார். அவருக்கு அவரோட பழைய வயர்லெஸ் கீபோர்டு வேணும். எழுத்தெல்லாம் தேஞ்சு, எது க எது ச ன்னு அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரிஞ்ச கீபோர்டு. போன மாசம் பழைய கம்ப்யூட்டரை அண்ணன் கடைக்கு பில் போடக் கொடுத்தப்போ, "கம்ப்யூட்டரை எடுத்துக்குங்க மச்சான், கீபோர்டு மட்டும் என்கிட்ட இருக்கட்டும்"னு கையோட எடுத்து வெச்சுக்கிட்டார். வாழ்க்கையில அவர் வாயைத் திறந்து கேட்டு வாங்கின ஒரே பொருள் அதுதான்னு நினைக்கிறேன்.

மத்தியானம் சாப்பிட்டுட்டு ஆரம்பிச்சார் ஆபரேஷனை. லேப்டாப்ல அந்தக் காலத்து யூ.எஸ்.பி. ஓட்டையே இல்லை. அதுக்கு அடாப்டர்னு ஒரு மாத்துக் கட்டையைக் கம்ப்யூட்டர் கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தார். மேஜை டிராயரைக் குடைஞ்சு, கீபோர்டுல தட்டுறதை வயர் இல்லாம வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற, விரல் நகம் அளவுக்கு ஒரு குட்டி ரிசீவரை எடுத்து அதுல சொருகினார். லேப்டாப் "டிங்"குன்னுது. ஐயா மூஞ்சியில ஒரு வெளிச்சம். கீபோர்டைத் திருப்பி ஸ்விட்சைப் போட்டார், பச்சை லைட்டும் எரிஞ்சுது. விரலை நீவி விட்டுக்கிட்டு அடிச்சார்.

ஒரு எழுத்து வரலை.

பேட்டரி மாத்தினார். பேட்டரி உட்கார்ற கம்பியை ரப்பர் வெச்சுத் தேய்ச்சார். ஊக்கு முனையால கீழே இருக்கிற பொத்தானைக் குத்தினார். லேப்டாப்பை அணைச்சுப் போட்டார், போட்டு அணைச்சார். கீபோர்டைத் தூக்கி லேப்டாப்புக்குப் பக்கத்துல காட்டினார், ஏதோ கோவிச்சுக்கிட்ட ரெண்டு பேரைச் சமாதானம் பண்ற மாதிரி. ஊஹூம். லைட் எரியுது, எழுத்து வரலை.

"அதான் லேப்டாப்லயே கீபோர்டு இருக்கே, அதுல அடிச்சுத் தொலைங்களேன்"னேன்.

"அதுல வேகம் வராது."

"வரலேன்னா என்ன, கொஞ்சம் மெதுவா அடிக்கிறது."

"டெஸ்ட்டே வேகத்துக்குத்தான்"னார். நெத்தியில வேர்த்திருந்தது.

சரின்னு, கீபோர்டு கம்பெனிக்காரங்க உதவி நம்பருக்கு நானே போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சேன். ஒரு பொண்ணு ரொம்பப் பொறுமையாக் கேட்டா: "சார், நீங்க சொருகியிருக்கிறது அந்தக் கீபோர்டோட வந்த ரிசீவர்தானே? பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அதனால கேக்கிறேன்." இவர் "அது வந்து..."ன்னு இழுத்தார். இழுத்தா எனக்கு ஆகாது. "அதேதாம்மா, சொருகினதும் டிங்குன்னு சத்தம் கூட வந்துது"ன்னு நானே சொல்லிட்டேன். "அப்போ கீபோர்டு போயிடுச்சு மேடம், புதுசு வாங்கிடுங்க"ன்னு வெச்சுட்டா.

நான் அடுப்படிக்குப் போயிட்டேன். கொஞ்ச நேரத்துல உள்ளேருந்து தடதடதடன்னு சத்தம். மழை கொட்டுற மாதிரி, நிக்காம. வக்கீல் ஆபீஸ்ல இருந்த வேகம்.

"என்னங்க, வேலை செய்யுதா?"ன்னு குரல் கொடுத்தேன்.

"இல்ல."

"அப்புறம் என்னத்த அடிக்கிறீங்க?"

"சும்மா."

வேலை செய்யாத கீபோர்டுல சும்மா அடிக்கிற மனுஷனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க. தலையில அடிச்சுக்கிட்டு வெங்காயத்தை உரிச்சேன். தடதட மட்டும் நிக்கவே இல்லை.

அப்பதான் வாசக் கதவைத் தள்ளிக்கிட்டு அண்ணன் வந்தான். மூஞ்சியே சரியில்லை. நேரா உள்ளே போய் எங்க வீட்டுக்காரர் எதிர்ல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நானும் கத்தியும் கையுமா பின்னாலேயே போனேன்.

"மாப்ளே, கடையில ஒரு அம்மாவுக்கு வாஷ்பேசின் பில் போட்டுக்கிட்டிருந்தேன்"னான். "தானா எழுத்து வருது. நான் கையே வைக்கலை. முதல்ல அஆஇஈ. அப்புறம் 'வேலை செய் சனியனே'. அந்தம்மா தன்னைத்தான் நான் சொல்றேன்னு நினைச்சு முறைக்குது."

எங்க வீட்டுக்காரர் கை கீபோர்டு மேலேயே நின்னுபோச்சு.

"அப்புறம், 'கடைக்கு வரமாட்டேன், வரமாட்டேன், வரமாட்டேன்'. அப்புறம், 'மச்சான் ஜோக்குக்குச் சிரிச்சுச் சிரிச்சு எனக்குத் தாடை வலிக்குது, நாள் பூரா சிரிக்கச் சொன்னா செத்துடுவேன்'. அந்தம்மா சத்தமாப் படிக்குது மாப்ளே, கடையில நாலு பேர் நிக்கிறாங்க. கடைசியா, 'இதை அவகிட்ட எப்படிச் சொல்றது? அவ'ன்னு வந்துது. கம்ப்யூட்டருக்குப் பின்னால பார்த்தா இது சொருகியிருந்தது. பிடுங்கினேன், நின்னுபோச்சு." உள்ளங்கையை விரிச்சுக் காட்டினான். விரல் நகம் அளவுக்கு ஒரு ரிசீவர்.

கம்ப்யூட்டரைக் கொடுத்தவர், பின்னாடி சொருகியிருந்ததைப் பிடுங்காமலே கொடுத்திருக்கார். லேப்டாப்ல சொருகினது, என்னைக்கோ செத்துப்போன ஒரு மவுஸோடது. டிங்குன்னு சத்தம் வந்துதாம் சத்தம்!

அண்ணன் இவரையே பார்த்துக்கிட்டிருந்தான். அப்புறம் தொண்டையைச் செருமிக்கிட்டு, "வைரஸா இருக்கும். இல்ல மாப்ளே?"ன்னான்.

எனக்கு உயிர் வந்துது. எங்கண்ணன் பெரிய மனுஷன். "வைரஸேதான் அண்ணே!"ன்னேன். "இப்பல்லாம் கண்ட கண்டதும் வருது. இவருக்கு எதுக்குண்ணே அப்படியெல்லாம் தோணப் போகுது? அடுத்த வாரம் கடைக்கு வரேன்னு இவரே..."

"வைரஸ் இல்ல"ன்னார் எங்க வீட்டுக்காரர். "நான்தான் மச்சான் அடிச்சேன்."

அதோட நிறுத்திடுவார்னு பார்த்தேன். ஆனா நிறுத்தலை. "எனக்குக் கடைக்கு வர இஷ்டமில்ல. டைப் அடிக்கத்தான் இஷ்டம். டெஸ்ட்டுல தேறலேன்னாலும் கடைக்கு வர மாட்டேன், வேற எங்கேயாவது கேப்பேன். முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

அண்ணன் கையில இருந்த ரிசீவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஜோக்கு அவ்வளவு மோசமாவா இருக்கு?"ன்னான்.

"ஆமா மச்சான்."

அண்ணன் ரிசீவரை மேஜை மேல வெச்சான். "நாளைக்கு நல்லாப் பண்ணுங்க மாப்ளே"ன்னு சொல்லிட்டு எழுந்து போனான். மனசு கஷ்டப்பட்டுத்தான் போனான், எனக்குத் தெரியாதா? எனக்கு இவர் மேல பத்திக்கிட்டு வந்துது. கூடவே, இத்தனை வருஷத்துல முதல் தடவையா இவரைப் பார்த்து பெருமையாவும் இருந்தது. ரெண்டும் சேர்ந்து வந்தா என்ன பண்றதுன்னு யாருக்குத் தெரியும்.

அவர் மாத்துக் கட்டையில அந்த ரிசீவரைச் சொருகினார். ஒரு எழுத்தைத் தட்டினார். திரையில வந்துது.

"'அவ'ன்னு அடிச்சீங்களே, அதுக்கு அப்புறம் என்ன?"ன்னு கேட்டேன்.

"விடு."

"அண்ணன்கிட்ட சொன்னீங்கல்ல, என்கிட்டயும் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்க்கலை. கீபோர்டைத்தான் பார்த்தார். "அவ நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் என்னைக்குமே காத்திருந்ததில்லைன்னு அடிச்சேன்."

நறுக்குன்னு பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒண்ணா, ரெண்டா, தொண்டையில ஒன்பது பதில் நின்னுது. அத்தனையையும் முழுங்கினேன். கத்தியை மேஜை மேல வெச்சுட்டு, அண்ணன் உட்கார்ந்த நாற்காலியில உட்கார்ந்தேன்.

"நாளைக்கு டெஸ்ட்டு எப்படி நடக்கும், அவங்க என்ன கேப்பாங்க?"ன்னேன்.

"அது வந்து..."ன்னு இழுத்தார்.

நான் காத்திருந்தேன்.