ஆள்காட்டிக்கு முதல் தண்ணீர்

பக்கத்து மனையில் ஆற்றுமணல் வந்து இறங்கியிருக்கிறது. அந்த ஈர வாசனைக்கே எனக்கு இடுப்பு வலிக்கிறது.

செய்யாறு பாலாற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது என்று பள்ளியில் படித்தோம். கோடையில் அது எங்கள் ஊரான பெருநகரிலேயே மணலுக்கடியில் படுத்துவிடும், என்னைப் போல. அக்காதான் ஊற்று தோண்டுவாள். களைத்துப்போவது என் வேலை.

ஒருநாள் தண்ணீர் ஊறியதும் பாய்ந்தேன். தலைக்குமேல் ஆள்காட்டிக் குருவி கத்தியது. அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“தள்ளி வாடா! அது வயித்த நனைச்சிக்கினு போய் குந்தலன்னா, மணல்ல கீற முட்ட வெந்துபூடும்.”

“எனக்குத் தாகமா கீதுக்கா.”

“நீ இன்னா முட்டையா?”

சுடுமணலில் கால் மாற்றி மாற்றி நின்றோம். குருவி இறங்கி, வயிற்றை நனைத்துக்கொண்டு முட்டைகளுக்குத் திரும்பியது. பிறகுதான் அக்கா என்னை விட்டாள். ஊற்றில் ஓர் இறகு மிதந்தது. எடுத்துப்போடத் தெம்பில்லை, அப்படியே குடித்தேன்.