அக்காவின் முகத்தில் ஒட்டிய பூ

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. கடைக்காரர் மடித்துக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்த பிறகுதான் பையில் போடுவேன். "போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவ" என்று அம்மா திட்டுவாள். நான் வேலைக்குப் போனது குயிலாப்பாளையத்தில், கையால் செய்த காகிதம் விற்கும் ஒரு கடைக்கு. மரக்காணத்திலிருந்து தினமும் பஸ். அந்தக் கடையில்தான் ஸ்கிராப்புக் என்ற சங்கதியைப் பார்த்தேன். போட்டோவை ஒட்டி, அதைச் சுற்றி ரிப்பன், பட்டன், காகிதப் பூ என்று அலங்காரம் செய்யும் ஆல்பம்.

அண்ணனுக்குப் பிரம்மதேசத்தில் பெண் முடிவாகியிருந்தது. நிச்சயத்தன்று பெண் வீட்டார் புரட்டிப் பார்க்க நம் கையால் ஓர் ஆல்பம் செய்தால் என்ன என்று ஆசை வந்தது. கடையில் கழித்துப் போட்ட காகிதத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தேன். வீடியோ பார்த்துப் பார்த்து ஒட்டினேன். முதல் பக்கத்தில் ஜிகினா, லேஸ், சமிக்கி, பட்டன் எதையும் விடவில்லை. திருவிழா வளையல் கடை மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, இதுல நான் எங்கடி இருக்கேன்?" என்றான்.

கோபத்தில் அந்தப் பக்கத்தையே கிழித்தேன். பிறகு கை அடங்கியது. ஒரு மூலையில் மட்டும் ஒரு பூ, போட்டோவின் ஓரத்தில் மெல்லிய ரிப்பன், அவ்வளவுதான். பூவுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒட்டும் பஞ்சு டேப் வைத்தால் அது எழும்பி நிற்கும் என்று தெரிந்துகொண்டேன். நடுவில் சின்ன பட்டன் வைத்தால் இன்னும் நன்றாக இருந்தது.

நாங்கள் எல்லோரும் ஒன்றாக நிற்கும் ஒரே படம், உப்பளத்துக் கரையில் எடுத்தது. அதில் அக்காவும் இருந்தாள். அக்கா வேறு மதத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அவள் போன அன்று அப்பா அவளுடைய படங்களை எல்லாம் அடுப்பில் போட்டார். இது மட்டும் என் பள்ளிக்கூடச் சான்றிதழ்களுக்கு நடுவே கிடந்ததால் தப்பியது. அதன் பிறகு அப்பா வாயில் அவள் பெயர் வந்ததில்லை. அண்ணனுக்கு ஏற்கெனவே வந்த சம்பந்தங்கள் அவள் கதை தெரிந்ததும் நின்றுபோயின. பிரம்மதேசத்தாரிடம் எங்கள் வீட்டில் நான் ஒரே பெண் என்று சொல்லியிருந்தார்கள்.

"அவள வெட்டிடு" என்றாள் அம்மா. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

கத்தரிக்கோலை எடுத்தேன், மனம் வரவில்லை. அக்கா அந்தப் படத்தில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரோஜா நிறக் காகிதத்தில் ஒரு பெரிய பூ செய்து அவள் முகத்தின் மேல் ஒட்டினேன். பார்ப்பவர்களுக்கு அது அலங்காரம்.

இரண்டு நாள் கழித்துத் திறந்தால் பூ பக்கத்தின் அடியில் விழுந்து கிடந்தது. அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்க் காற்றைத்தான் முதலில் திட்டினேன். துணியே சரியாகக் காயாத ஊரில் டேப் எப்படிப் பிடிக்கும்? மறுபடி ஒட்டினேன். மறுபடி கழன்றது. மூன்றாவது முறை, ஓர் இதழின் நுனி இருக்கும் இடத்தில் பென்சிலால் லேசாக ஒரு புள்ளி வைத்தேன். அடுத்து திறந்தபோது பூ விழவில்லை. ஆனால் இதழ் புள்ளியை விட்டுத் தள்ளி இருந்தது. யாரோ எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். காற்றுக்கு அந்த வேலை தெரியாது.

சந்தேகம் நேராக அத்தை மேல் போனது. அப்பாவின் தங்கை, அடுத்த தெரு. தன் மகளுக்குத்தான் அண்ணன் என்று சிறு வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். பெண் வெளியே எடுத்ததில் அவளுக்கு உள்ளுக்குள் எரிச்சல் இருக்காதா? நிச்சயத்தன்று எல்லோர் எதிரிலும் பூ விழுந்து, "இது யாரு?" என்று ஒரு கேள்வி வந்தால் போதும். சம்பந்தம் அங்கேயே முடிந்தது.

அத்தை வந்தபோது காபியைக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். "அத்த, ஆல்பத்த பாத்தியா?"

"எனக்கு எதுக்குடி அந்த பொம்ம புக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அது போதும் எனக்கு. திருடிதான் இப்படிப் பேசுவாள் என்று முடிவு கட்டினேன். செருப்பு ஒட்டும் பசையை வாங்கி வந்து, பூவைக் கவிழ்த்து அப்பி, அழுத்தி வைத்தேன். இனி எடு பார்ப்போம் என்று மனதுக்குள் கறுவினேன்.

நிச்சயத்துக்கு முன்தினம் கடையில் கரண்ட் இல்லை என்று சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். உச்சி வெயிலில் வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா துணி எடுக்கப் போயிருந்தாள். விடியுமுன் உப்பளத்துக்குப் போகிற அப்பா அந்நேரம் வேலை முடித்து வந்து தூங்குவார். அன்று தூங்கவில்லை. பீரோ அருகே ஆல்பத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கையில் சவர பிளேடு.

"வெட்டாதப்பா!" என்று கத்திவிட்டேன். படங்களை அடுப்பில் போட்ட கை அது. வேறு என்ன நினைப்பேன்?

அப்பா திடுக்கிட்டுப் பார்த்தார். "யாரு வெட்டுறா? இந்தப் பூவ இன்னாத்தப் போட்டும்மா ஒட்டின? வரவே மாட்டேங்குது. முன்ன மாதிரி லேசா ஒட்டக் கூடாதா?"

அருகில் போய்ப் பார்த்தேன். பிளேடால் நெம்பியதில் பூவோடு படத்தின் தோலும் உரிந்து வந்திருந்தது. அக்காவின் முகம் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. உப்பு தின்ற விரலால் அந்த வெள்ளையைத் தடவித் தடவிப் பார்த்தார் அப்பா. அத்தையை நினைத்து வெட்கமாக இருந்தது. அப்பாவைப் பார்க்க அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அவகிட்ட வேற போட்டோ இருக்கும். கேட்டு வாங்கு" என்றார்.

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"வேலைக்குப் போற வழில, பெரிய முதலியார்சாவடில நீ எறங்கி அவள பாத்துட்டுதான வர்ற? எனக்குத் தெரியாதா?"

சந்தேகப்படும் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் புரிந்தது.

"நாளைக்கு பிரம்மதேசத்துக்காரங்க பாத்துட்டு கேட்டா?"

"கேக்கட்டும். எம் பொண்ணுன்னு நான் சொல்லிக்கிறேன்."

என் போனிலேயே அக்காவின் படங்கள் நிறைய இருந்தன. காட்டவில்லை. நம்பரைப் போட்டு, "நீயே கேளுப்பா" என்று நீட்டினேன். அவர் கையை லுங்கியில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"சொல்லுடி" என்றாள் அக்கா.

"நான்தாம்மா."

அவள் அலறியது எனக்கே கேட்டது. "அம்மாவுக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்குறா. உன் போட்டோ ஒண்ணு வேணும், அதுக்குதான்."

அவள் நம்பவில்லை. "நெஜத்த சொல்லுப்பா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று அழுதுகொண்டே திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகலம்மா, ஒண்ணும் ஆகல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.